அமெரிக்க அரசின் மூன்று துறைகள்: மூல ஆவணங்களை இணையத்தில் எங்கே படிப்பது?

நெல்லை_விரிவுரையாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அமெரிக்க ஆட்சிமுறை ஓர் அலகு. சென்ற வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, நாற்பத்திரண்டு பேரில் பதினேழு பேர், "ஜனாதிபதி காங்கிரஸைக் கலைக்கலாம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் ஒரே வாக்கியம். விசாரித்தபோது, கடையில் விற்கும் ஒரு கையேட்டிலேயே அப்படி அச்சாகியிருப்பது தெரிந்தது. நம் நாட்டில் மக்களவையைக் கலைக்க முடியும் என்பதால் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ எழுதிவிட்டார்கள் போலும்.

மனம் மிகவும் வருந்தியது. பிரதிநிதிகள் அவை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்தான் காங்கிரஸ்; ஜனாதிபதியால் அதைக் கலைக்க முடியாது. காங்கிரஸும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த ஆட்சிமுறையின் அடித்தளமே இதுதான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல்கூட அங்கே தேர்தல் தள்ளிப்போகவில்லை. இதைத் தவறாகப் படித்தால் மீதி எல்லாமே தவறாகிவிடும்.

இனிமேல் கையேட்டை நம்பாமல் மூல ஆவணங்களைப் பிள்ளைகளே பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். சட்டம் இயற்றும் துறை, நிர்வாகத் துறை, நீதித் துறை ஆகிய மூன்றும் தங்கள் பதிவுகளை இணையத்தில் எங்கே வைத்திருக்கின்றன? பணம் கட்டாமல் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்களிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

எடிசன்_நூலகர்

வணக்கம் அம்மா. நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு வருவார்கள். தமிழில் கேட்டவர் நீங்கள்தான் முதல் ஆள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காங்கிரஸுக்கு காங்கிரஸ் டாட் கவ். நடத்துவது காங்கிரஸ் நூலகம். 1995-இல் தாமஸ் ஜெபர்சன் நினைவாகத் 'தாமஸ்' என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கினார்கள். அதன் இடத்தைப் பிடித்ததுதான் இது. ஒரு மசோதாவை யார் கொண்டுவந்தார், எந்தக் குழுவுக்குப் போனது, எந்த அவை எந்த நாளில் வாக்களித்தது, ஜனாதிபதி கையெழுத்திட்டாரா என்பதெல்லாம் நாள்வாரியாக இருக்கும். 'நடவடிக்கைகள்' என்று பொருள்படும் பகுதியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். மசோதாவின் வாசகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். நடவடிக்கைப் பட்டியல் ஒரு கதைபோல ஓடும்.

மாணவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 'தொண்ணூற்று நான்காவது காங்கிரஸ்', 'நூற்றுப் பத்தொன்பதாவது காங்கிரஸ்' என்று எண்ணிட்டிருப்பார்கள். முதல் காங்கிரஸ் 1789-இல் கூடியது. ஒவ்வொன்றுக்கும் ஈராண்டு ஆயுள். ஒற்றைப்படை ஆண்டிலிருந்து 1787-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். 1975 என்றால் 188, அதில் பாதி 94. இது தெரியாமல் தேடினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும்.

நிர்வாகத் துறைக்கு பெடரல் ரெஜிஸ்டர். 1936-இலிருந்து வரும் அரசிதழ். வேலை நாள்தோறும் வெளியாகிறது. ஜனாதிபதியின் நிர்வாக ஆணைகள், துறைகள் கொண்டுவர நினைக்கும் விதிகள், இறுதியான விதிகள் எல்லாம் இதில் வந்தாக வேண்டும். இறுதியான விதிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்தது கூட்டாட்சி விதித்தொகுப்பு. நம் ஊர்ச் செய்திகளில் "ட்ரம்ப் உத்தரவு" என்று வருவதெல்லாம் இந்த இதழில் எண்ணோடு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நீதித் துறைக்கு உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளம். தீர்ப்பு, வாதங்களின் எழுத்து வடிவம், ஒலிப்பதிவு எல்லாம் இலவசம். படக்கருவிக்கு அங்கே இன்றும் அனுமதி இல்லை. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், வாதங்களை முதன்முறையாக நேரலையில் கேட்க விட்டார்கள்.

மூன்று துறைகளின் ஆவணங்களும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்றால் கவ்இன்போ டாட் கவ். இதை நடத்தும் அரசு வெளியீட்டு அலுவலகம் 1861 மார்ச் 4, லிங்கன் பதவியேற்ற அதே நாளில் தொடங்கியது. அச்சகம் காங்கிரஸின் கீழ் இருக்கிறது. ஆனால் ஜனாதிபதியின் ஆணைகளும் அங்கேதான் அச்சாகின்றன. மூன்று துறைகளும் தனித்தனிச் சுவர்களுக்குள் வாழ்வதாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியே நல்ல தொடக்கமாக இருக்கும்.

பழைய_நிருபர்

நூலகர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெள்ளை மாளிகையின் தளத்தை மேற்கோளாகத் தர வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஜனாதிபதி மாறும் நாளில் அந்தத் தளம் முழுவதுமாக மாறிவிடும். நேற்றுவரை இருந்த பக்கம் இன்று இருக்காது. கட்டுரை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். அச்சுக்குப் போன பிறகு வாசகர் ஒருவர், "நீங்கள் குறிப்பிட்ட பக்கமே இல்லையே" என்று கேட்டார்.

அந்தப் பக்கங்கள் அழிந்துபோவதில்லை, இடம் மாறுகின்றன. தேசிய ஆவணக் காப்பகம் ஒபாமா, ட்ரம்பின் முதல் ஆட்சி, பைடன் என்று ஒவ்வோர் ஆட்சியின் தளத்தையும் உறையவைத்துத் தனி முகவரியில் பாதுகாக்கிறது. இன்னும் பழையதற்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் இருக்கும் அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட். வாஷிங்டன் முதல் இன்றுவரை உரைகளும் ஆணைகளும் தேதிவாரியாக அங்கே உண்டு. 1952 ஏப்ரல் 8 அன்று, கொரியப் போரின் நடுவே, எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்வதாக ட்ரூமன் வானொலியில் பேசினார். அந்த உரையை அங்கே முழுமையாகப் படிக்கலாம். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை 6–3 என்ற கணக்கில் செல்லாதென்றது. ஆணையையும் தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர்கள் ஜனாதிபதியின் அதிகார எல்லையை மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. காங்கிரஸ் நடவடிக்கைக் குறிப்பேட்டை அவையில் பேசியதன் அச்சு அசலான பதிவு என்று நம்பிவிடக் கூடாது. உறுப்பினர்கள் பேச்சைத் திருத்தி விரித்துத் தரலாம். பேசாத உரையைக்கூடச் சேர்க்கச் சொல்லலாம். உண்மையில் என்ன பேசப்பட்டது என்று பார்க்க வேண்டுமென்றால் சி-ஸ்பான் காணொளிக் காப்பகம் இருக்கிறது. பிரதிநிதிகள் அவையை 1979-இலிருந்தும் செனட்டை 1986-இலிருந்தும் சி-ஸ்பான் ஒளிபரப்பிவருகிறது. அது அரசு நிறுவனம் இல்லை. கேபிள் தொழில்துறை தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு.

கோவை_சட்டமாணவன்

அம்மா, நீதித் துறைக்கு நான் தினமும் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவனம் 1992-இலிருந்து இயங்குகிறது; அரசமைப்பு, சட்டத் தொகுப்பு, தீர்ப்புகள் எல்லாம் கைப்பேசியில் தெளிவாகத் தெரியும். வாதங்களைக் கேட்க ஓயே தளம். உச்ச நீதிமன்றம் 1955 அக்டோபர் முதல் வாதங்களை ஒலிப்பதிவு செய்கிறது. நீதிபதி பேசும்போது அவருடைய பெயரோடு எழுத்தும் நகரும் என்பதால் ஆங்கில உச்சரிப்பு பிடிபடாத மாணவர்களும் பின்தொடரலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் திறந்தவுடன் மேலே ஒரு சுருக்கம் இருக்கும். அது தீர்ப்பின் பகுதி இல்லை. தீர்ப்புப் பதிவாளர் வாசகர் வசதிக்காகத் தயாரித்தது. அதை மேற்கோள் காட்டி "நீதிமன்றம் கூறியது" என்று எழுதக் கூடாது. முதலாம் ஆண்டில் அந்தச் சுருக்கத்தை மேற்கோள் காட்டி, எங்கள் பேராசிரியரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

கீழ்நீதிமன்ற வழக்குக் கட்டுகளுக்குப் பேசர் என்ற முறை இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வகுப்புக்கு அது தேவைப்படாது. கோர்ட்லிசனர் தளத்தில் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன.

காங்கிரஸுக்கு நூலகர் சொன்ன தளமே போதும். 1789 முதல் எல்லாம் அதில் இருக்கிறது.

எடிசன்_நூலகர்

தம்பி, கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். மசோதாக்களைப் பற்றிய ஒழுங்கான தகவல் அந்தத் தளத்தில் 1973-இலிருந்துதான். முழு வாசகம் அதற்கும் பிறகே. நடவடிக்கைக் குறிப்பேடு 1873-இலிருந்து கிடைக்கிறது. அதற்கு முந்தைய விவாதங்களைக் காங்கிரஸ் நூலகம் தனித் தொகுப்பாக வைத்திருக்கிறது. தேடிக் கிடைக்கவில்லை என்றவுடன், "அப்படி ஒரு மசோதாவே இல்லை" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது, அதற்காகவே சொல்கிறேன்.

சுருக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது பொன்னான எச்சரிக்கை.

சொல்தேடி

நான் மொழிபெயர்ப்பாளர். எல்லோரும் தளங்களைச் சொல்கிறீர்கள். நான் ஒரே ஓர் ஆவணத்தைச் சொல்கிறேன். அமெரிக்க அரசமைப்பின் மூல வாசகம் ஏறத்தாழ 4,500 சொற்கள். ஓர் இரவில் படித்துவிடலாம். முதல் உறுப்பு காங்கிரஸ், இரண்டாவது ஜனாதிபதி, மூன்றாவது நீதிமன்றம். முதல் உறுப்புதான் மிக நீளம். அமைத்தவர்களின் கவலை எங்கே இருந்தது என்பது அளவிலேயே தெரிகிறது. நாம் பாடத்தில் உருப்போடும் 'அதிகாரப் பிரிவினை' என்ற தொடர் அதில் ஓரிடத்திலும் இல்லை. மாணவர்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிவுரையாளர் அம்மா, அந்தக் கையேட்டுப் பிழைக்கு நீங்கள் சொன்ன காரணம் சரியாக இருக்காது என்று தோன்றுகிறது. இரண்டாம் உறுப்பின் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். எந்த நாள்வரை அவைகளை ஒத்திவைப்பது என்பதில் இரு அவைகளும் உடன்படாவிட்டால், ஜனாதிபதி தமக்குப் பொருத்தமென்று தோன்றும் காலம்வரை ஒத்திவைக்கலாம் என்று இருக்கிறது. எந்த ஜனாதிபதியும் இன்றுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. யாரோ ஒருவர் இந்த 'ஒத்திவைத்தலை'க் 'கலைத்தல்' என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். அதன் விலையைப் பதினேழு பிள்ளைகளின் மதிப்பெண் கொடுத்திருக்கிறது.

கான்ஸ்டிடியூஷன் அனோடேட்டட் என்ற தளத்தில் ஒவ்வொரு வாசகத்துக்கும் கீழே அதன் வரலாறும் தொடர்புடைய வழக்குகளும் இருக்கின்றன. காங்கிரஸ் ஆய்வுச் சேவையினர் தயாரித்தது. இந்தப் பிரிவை அங்கே நீங்களே சரிபார்க்கலாம்.

நெல்லை_விரிவுரையாளர்

சரிபார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. மாணவர்களிடம் என் ஊகத்தையே காரணமாகச் சொல்லிவிட்டேன்; அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்வேன்.

இன்று கணினி அறையில் முதல் முயற்சி. சொன்னால் வருந்துவீர்கள். காங்கிரஸ் தளத்தில் 'குடியேற்றம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இட்டுத் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் மசோதாக்கள் வந்து குவிந்தன. "இவையெல்லாம் சட்டமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அரை மணி நேரத்தில் பாதிப் பேர் சோர்ந்துவிட்டார்கள். சிறுவர்களுக்காக அரசு வெளியீட்டு அலுவலகம் நடத்தும் 'பென்ஸ் கைடு' தளத்தையாவது காட்டலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய_நிருபர்

அந்த மாணவிக்கு என் பதில்: ஈராண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வருகின்றன, சட்டமாவது சில நூறு. தேடல் முடிவில் 'சட்டமானவை' என்ற வடிகட்டியைத் தொடச் சொல்லுங்கள்.

பென்ஸ் கைடு நல்ல தளம்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரில் சிறுவர்களுக்கு எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சொல்தேடி

எனக்கு உடன்பாடில்லை ஐயா. எளிமையான விளக்கம் என்ற பெயரில் மீண்டும் ஒரு கையேட்டைத்தானே கையில் கொடுக்கிறோம்? இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மூலத்தைத் தொடும் துணிவு வர வேண்டும்.

எடிசன்_நூலகர்

இருவர் சொல்வதிலும் எனக்குப் பாதி உடன்பாடு. குறை மாணவர்களிடமும் இல்லை, தளத்திலும் இல்லை. பொருளை வைத்துத் தேடச் சொன்னதுதான் சிக்கல். நூலகத்தில் நாங்கள் ஓர் ஆளையோ ஒரு நிகழ்ச்சியையோ கையில் பிடித்துக்கொண்டு, மூன்று துறைகளிலும் அதன் காலடித் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடக் கற்றுக்கொடுப்போம்.

உங்களுக்கு ஒருவரைத் தருகிறேன் அம்மா. ஜகதீஷ் ராய் சத்தா.

கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர்; கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. 1966-இல் மாணவர் விசாவில் ஒகையோவுக்குப் படிக்க வந்தார். 1972-இல் விசா முடிந்தது. கென்யாவுக்கும் திரும்ப முடியவில்லை, பிரிட்டனும் எளிதில் ஏற்பதாக இல்லை. குடியேற்றத் துறை நாடுகடத்த நோட்டீஸ் அனுப்பியது. 1974 ஜூன் மாதம் குடியேற்ற நீதிபதி, இவரை அனுப்பினால் கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று கண்டு, நாடுகடத்தலை நிறுத்திவைத்தார். அன்றைய சட்டப்படி அந்த முடிவு காங்கிரஸுக்குப் போக வேண்டும். இரு அவைகளில் ஏதாவது ஒன்று வேண்டாம் என்றால் போதும், முடிவு ரத்து. 1975 டிசம்பர் 16 அன்று பிரதிநிதிகள் அவை 340 பேர் அடங்கிய பட்டியலில் ஆறு பேரை மட்டும் எடுத்து, 'இவர்களுக்கு இல்லை' என்று தீர்மானம் போட்டது. அந்த ஆறில் ஒருவர் சத்தா.

இனி உங்கள் மாணவர்கள் தேடட்டும். தீர்மானத்தின் எண் அவைத் தீர்மானம் 926, தொண்ணூற்று நான்காவது காங்கிரஸ். நடவடிக்கைக் குறிப்பேட்டில் 121-ஆவது தொகுதி, 40800-ஆவது பக்கம். கவ்இன்போவில் தேடி எடுக்கலாம். முழுத் தொகுதியையும் பதிவிறக்க வேண்டாம், கைப்பேசி தாங்காது.

கோவை_சட்டமாணவன்

எங்கள் பாடத்தில் இந்த வழக்கு இருக்கிறது! நீதித் துறைத் தடம் நான் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பான யு.எஸ். ரிப்போர்ட்ஸில் 462-ஆவது தொகுதி, 919-ஆவது பக்கம். அந்தத் தொகுதியைக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பழைய அச்சுப் பக்கமாகவே பார்க்கலாம், கைப்பேசிக்குக் கார்னெல். வாதம் இரண்டு முறை நடந்தது, 1982 பிப்ரவரி 22, டிசம்பர் 7. இரண்டையும் ஓயேயில் கேட்கலாம்.

1983 ஜூன் 23 அன்று 7–2 என்று தீர்ப்பு. தலைமை நீதிபதி பர்கர் சொன்னதன் சாரம் இது: ஒருவருடைய சட்டபூர்வ உரிமையை மாற்றுவது சட்டம் இயற்றும் செயல், அதற்கு இரு அவைகளும் நிறைவேற்றி ஜனாதிபதி முன் வைக்க வேண்டும், ஓர் அவை தனியாக அதைச் செய்ய முடியாது. நீதிபதி வைட்டின் மாறுபட்ட தீர்ப்பையும் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். இதே போன்ற ஏற்பாடு இருநூறுக்கு நெருக்கமான சட்டப் பிரிவுகளில் இருப்பதாக எடுத்துக்காட்டி, அத்தனையும் ஒரே அடியில் விழுகின்றனவே என்று அவர் ஆதங்கப்படுகிறார். எனக்கு வைட்டின் வாதத்திலும் நியாயம் தெரிகிறது.

இந்த வழக்கில் என்னை வியக்கவைத்த இடம் ஒன்று உண்டு. சத்தாவை வெளியேற்ற வேண்டிய குடியேற்றத் துறையே, "ஆம், அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது" என்று அவர் பக்கம் பேசியது. காங்கிரஸின் அதிகாரத்தைக் காக்க இரு அவைகளும் தங்கள் வழக்கறிஞர்களை அனுப்பின. மூன்று துறைகளும் ஒரே அறையில் நின்றன.

சொல்தேடி

அருமையான தேர்வு. ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'குடியேற்ற நீதிபதி' என்று எழுதியவுடன் மாணவர்கள் அவரை நீதித் துறையில் சேர்த்துவிடுவார்கள். அவர் நிர்வாகத் துறையின் அலுவலர். நீதித் துறை அமைச்சகத்தின்கீழ் வருபவர். மூன்றாம் உறுப்பின்படி நியமனம் பெறும், செனட் ஒப்புதலுடன் வாழ்நாள் பதவி வகிக்கும் நீதிபதி இல்லை. அதோடு, பாருங்கள், அந்த அமைச்சகத்தின் பெயரிலும் 'நீதி' வந்துவிடுகிறது! நான் 'குடியேற்ற விசாரணை அலுவலர்' என்று எழுதுவேன். மூலச் சொல்லுக்குச் சற்று விலகினாலும் துறை மாறாமல் இருக்கும்.

எடிசன்_நூலகர்

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டாட்சி நீதித்துறை மையம் என்ற அமைப்பு, 1789 முதல் வாழ்நாள் பதவி பெற்ற கூட்டாட்சி நீதிபதிகள் அனைவரின் வாழ்க்கைக் குறிப்பையும் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் நீதித் துறை. சத்தாவின் நாடுகடத்தலை நிறுத்திவைத்தவர் அந்தப் பதவியின் பெயரால் அதில் இடம்பெற மாட்டார்.

உங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமான ஒரு பெயரையும் அதில் தேடச் சொல்லுங்கள்: ஸ்ரீ சீனிவாசன். சண்டிகரில் பிறந்தவர், தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலிக்கு அருகே ஒரு கிராமம். வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2020 முதல் தலைமை நீதிபதி. ஒபாமா பரிந்துரைத்தார், 2013 மே 23 அன்று செனட் 97–0 என்று ஒப்புதல் தந்தது. அந்த வாக்கெடுப்பில் யார் யார் வாக்களித்தார்கள் என்பது செனட் தளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. ஓர் ஆளைப் பின்தொடர்ந்தால் மூன்று துறைகளையும் தொட்டுவிடுகிறோம்.

டெக்சஸ்_மலர்

குடியுரிமைத் தேர்வுக்கு என் மாமியாரைத் தயார்செய்யும்போது இந்த இழையைக் கண்டேன். "ஒரு துறை அளவுமீறி வலிமை பெறுவதைத் தடுப்பது எது?" என்று ஒரு கேள்வி இருந்தது. அத்தை விடையை மனப்பாடம் செய்துவிட்டார், பொருள் பிடிபடவில்லை. நேற்றிரவு சத்தாவின் கதையைச் சொன்னேன். "அப்படியானால் அந்தப் பையன் கடைசியில் இருந்தானா, அனுப்பிவிட்டார்களா?" என்று கேட்டார். இருந்தார், பிறகு அமெரிக்கக் குடிமகனும் ஆனார் என்று படித்துச் சொன்னேன். இப்போது அந்தக் கேள்விக்குத் தம் சொந்தச் சொற்களில் விடை சொல்கிறார்.

கமலா ஹாரிஸைப் பற்றியும் அத்தை கேட்டார். துணை ஜனாதிபதி நிர்வாகத் துறைதானே, செனட்டில் எப்படி வாக்களித்தார் என்று. செனட்டில் வாக்குகள் சமமாகும்போது துணை ஜனாதிபதி அளிக்கும் வாக்குகளுக்கென்றே செனட் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஹாரிஸ் 33 முறை வாக்களித்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணை ஜனாதிபதி ஜான் கல்ஹூன் அளித்த 31 வாக்குகளே அதற்குமுன் அதிகமாக இருந்தன.

நெல்லை_விரிவுரையாளர்

இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம். 40800-ஆவது பக்கத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கண்டவுடன் அறையே அமைதியாகிவிட்டது. ஆறு மனிதர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தீர்மானம். அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கக்கூட இல்லை என்று பிற்பாடு தீர்ப்பே சொல்கிறது. விவாதம் இல்லை, பெயர்வாரி வாக்கெடுப்பும் இல்லை. முதல் பெஞ்சில் இருக்கும் ஒரு மாணவன், "மேடம், இவ்வளவுதானா?" என்று கேட்டான். வேறு பக்கத்தைத் திறந்துவிட்டோமோ என்று அவனுக்கு ஐயம். தேதியையும் எண்ணையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தோம். சரியான பக்கம்தான்.

கையேட்டில் இருக்கும் 'தடைகளும் சமன்களும்' என்ற தலைப்பின்கீழ் எட்டு வரிகள் இருக்கின்றன. அந்த எட்டு வரிகள் எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தராததை இந்த ஒரு பக்கம் இன்று தந்தது.

பென்ஸ் கைடு பற்றிய விவாதத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆங்கிலம் கடினமாக இருந்த குழு அதைத் திறந்துவைத்துக்கொண்டே தீர்ப்பைப் படித்தது. இரண்டும் அருகருகே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. ஓர் அவை தனியாகத் தடுக்க முடியாது என்று 1983-இல் ஆகிவிட்டது. அப்படியானால் அதன் பிறகு ஜனாதிபதியை காங்கிரஸ் எப்படித் தடுக்கிறது?

எடிசன்_நூலகர்

அவளுக்கு ஓர் எண்ணை மட்டும் கொடுங்கள் அம்மா: அவைக் கூட்டுத் தீர்மானம் 46, நூற்றுப் பதினாறாவது காங்கிரஸ், 2019.

அவசரநிலைச் சட்டத்திலும் முன்பு ஜனாதிபதி கையெழுத்து இல்லாமலே காங்கிரஸ் தடுக்கும் வழி இருந்தது. சத்தா தீர்ப்புக்குப் பிறகு, 1985-இல், அதைக் கூட்டுத் தீர்மானமாக மாற்றினார்கள். அதாவது இரு அவைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதியின் மேசைக்கும் அனுப்ப வேண்டும். 2019-இல் தெற்கு எல்லைச் சுவருக்காக ட்ரம்ப் அவசரநிலை அறிவித்தபோது இந்தப் புதிய வழி சோதனைக்கு வந்தது. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தீர்மானத்தின் 'நடவடிக்கைகள்' பகுதியை மேலிருந்து கீழாகப் படிக்கட்டும்.

நெல்லை_விரிவுரையாளர்

படித்துவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கைப்பேசியில் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினாள். அப்படியே இங்கே இடுகிறேன்:

"மேடம், பிரதிநிதிகள் அவையில் 245–182. செனட்டில் 59–41. மார்ச் 15 அன்று ஜனாதிபதி மறுத்துவிட்டார். மார்ச் 26 அன்று மறுபடி வாக்கெடுப்பு, 248–181. ஜனாதிபதியின் மறுப்பைத் தாண்டத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. இரண்டு அவையிலும் பெரும்பான்மை இருந்தும் தடுக்க முடியவில்லை. சத்தா ஜெயித்ததால்தானே இப்படி ஆனது? நாளை நீதிபதி வைட் எழுதியதை மறுபடி படிக்கலாமா?"

நாளை முதல் வகுப்பு வைட்டுக்குத்தான். தம்பி கோவை_சட்டமாணவன், அந்த மாறுபட்ட தீர்ப்பு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது?

கோவை_சட்டமாணவன்

967-ஆவது பக்கம் அம்மா.